இந்தப் பருவத்தில் உண்மையிலேயே அதிகம் முன்னேறிய என்.பி.ஏ. வீரர் யார்? (2024–25)

கோட்டோரம் எழுதியது:

வட அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் வழக்கமான பருவத்தின் 82 ஆட்டங்களும் முடிந்து, அதிக முன்னேற்றம் கண்ட வீரருக்கான விருதின் இறுதி மூவர் பெயர்களும் வெளியாகிவிட்டன. அட்லாண்டா ஹாக்ஸின் டைசன் டேனியல்ஸ், டெட்ராய்ட் பிஸ்டன்ஸின் கேட் கன்னிங்ஹாம், லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸின் இவிட்சா ஸூபாட்ஸ் ஆகியோரே அந்த மூவர். மூவரும் தகுதியானவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இவர்களுள் யார் முதலிடத்துக்கு உரியவர் என்று யோசிக்கும்போது, முன்னேற்றம் என்ற சொல்லுக்கு நாம் என்ன பொருள் கொள்கிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் பேசினால் விவாதம் சுற்றிச் சுற்றி அதே இடத்தில்தான் நிற்கும்.

ஒரு வீரரின் எண்கள் இரண்டு காரணங்களால் உயரலாம். அணி அவருக்குக் கூடுதல் நிமிடங்களையும் கூடுதல் எறிதல்களையும் கொடுத்திருக்கலாம். அல்லது, சென்ற ஆண்டு அவரால் செய்ய முடியாத ஒன்றை இந்த ஆண்டு அவர் செய்யக் கற்றுக்கொண்டிருக்கலாம். முதலாவது வாய்ப்பு, இரண்டாவது திறன். நடைமுறையில் இரண்டும் பின்னிப் பிணைந்தே வரும் என்றாலும், இந்த விருதைப் பொறுத்தவரை இரண்டாவதற்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

அந்த அளவுகோலின்படி என் தேர்வு டேனியல்ஸ். அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் 2022 தேர்வில் எட்டாவதாக எடுக்கப்பட்ட இந்த ஆஸ்திரேலியர், சென்ற பருவத்தில் நியூ ஆர்லியன்ஸ் பெலிகன்ஸ் அணியில் ஆட்டத்துக்கு 22.3 நிமிடங்கள் ஆடி 5.8 புள்ளிகளும் 1.4 ஸ்டீல்களும் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்தல்) எடுத்தவர். டெஜோன்டே மரேயை அட்லாண்டா அனுப்பியபோது, பதிலுக்கு வந்தவர்களுள் ஒருவராகத்தான் அவர் பெயர் பேசப்பட்டது. இந்தப் பருவத்தில் 76 ஆட்டங்களில் அவருடைய சராசரி 14.1 புள்ளிகள், 5.9 ரீபவுண்டுகள் (தவறிய எறிதலின் பந்தைக் கைப்பற்றுதல்), 4.4 அசிஸ்டுகள் (புள்ளிக்கு வழிவகுக்கும் பாஸ்), 3.0 ஸ்டீல்கள். மொத்தம் 229 முறை எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்திருக்கிறார். சென்ற பருவத்தில் ஸ்டீல் பட்டியலில் முதலிடம் பெற்ற டி'ஆரன் ஃபாக்ஸின் சராசரியே 2.0தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த 3.0 எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பது புரியும்.

மற்றவர்களின் கருத்தை அறிய ஆவலாக இருக்கிறேன். காரணத்துடன் எழுதுங்கள்.

---

முதல்பாஸ் எழுதியது:

நண்பர் கோட்டோரம் வகுத்த அளவுகோலை நான் ஏற்கிறேன். ஆனால் அதே அளவுகோலை வைத்துத்தான் கன்னிங்ஹாமை முதலிடத்தில் நிறுத்துவேன்.

5.8 புள்ளிகளிலிருந்து 14.1 புள்ளிகளுக்குச் செல்வது பெரிய தாவலாகத் தெரியலாம். ஆனால் என்.பி.ஏ.வில் மிகக் கடினமான ஏற்றம் அந்த இடத்தில் இல்லை. நல்ல வீரர் என்ற நிலையிலிருந்து, எதிரணியின் முழுத் திட்டமும் தன்னை மையமாக வைத்தே வகுக்கப்படும் வீரர் என்ற நிலைக்கு ஏறுவதுதான் கடினம். மலையின் அடிவாரத்தில் ஆயிரம் அடி ஏறுவதும் உச்சியை நெருங்கி நூறு அடி ஏறுவதும் ஒன்றாகுமா?

சென்ற பருவத்தில் 22.7 புள்ளிகள், 7.5 அசிஸ்டுகள், 4.3 ரீபவுண்டுகள் எடுத்த கன்னிங்ஹாம், இந்தப் பருவத்தில் 26.1 புள்ளிகள், 9.1 அசிஸ்டுகள், 6.1 ரீபவுண்டுகள் எடுத்திருக்கிறார். லீகின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-ஸ்டார் அணியில் முதன்முறையாக இடம்பெற்றார். சென்ற பருவத்தில் தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்று, 14 வெற்றி 68 தோல்வி என்று முடித்த அணி, இப்போது 44 வெற்றி 38 தோல்வி என்று முடித்திருக்கிறது. ஒரு முழுப் பருவத்திலிருந்து அடுத்த முழுப் பருவத்துக்குள் வெற்றிகளை மூன்று மடங்குக்கு மேல் உயர்த்திய அணி என்.பி.ஏ. வரலாற்றில் இதற்கு முன் இருந்ததில்லை. ஜனவரி முதல் நாளில் ஜேடன் ஐவி கால் எலும்பு முறிந்து வெளியேறிய பிறகு, பந்தை முன்னெடுத்துச் செல்லும் சுமை முழுவதும் கன்னிங்ஹாமின் தோளில்தான் விழுந்தது. அவர் அதைத் தாங்கினார், அணியும் சரியவில்லை.

---

உள்வட்டம் எழுதியது:

இருவரும் ஸூபாட்ஸை மறந்தே எழுதியிருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. அவர் 2016இல் தேர்வான வீரர். இது அவருடைய ஒன்பதாவது பருவம். இருபத்தொரு, இருபத்திரண்டு வயதில் ஒருவர் முன்னேறுவதை யாரும் எதிர்பார்ப்பார்கள், அது இயற்கை. எட்டுப் பருவங்கள் முடித்த ஒரு சென்டரைப் (வளையத்தடியில் ஆடும் உயரமான வீரர்) பற்றி, "இவர் இவ்வளவுதான், நல்ல உழைப்பாளி, ஸ்கிரீன் வைத்து எதிராளியின் வழியை மறிப்பார், ரீபவுண்ட் எடுப்பார்" என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்ட பிறகு, அவர் அந்த முடிவையே மாற்றி எழுத வைப்பது அரிதிலும் அரிது.

எண்களை நான் சுருக்கமாகவே சொல்கிறேன்: 11.7 புள்ளிகள் 16.8 ஆகின, 9.2 ரீபவுண்டுகள் 12.6 ஆகின, 1.4 அசிஸ்டுகள் 2.7 ஆகின. 80 ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். எறிதல் வெற்றி விகிதம் 62.8 சதவீதம்.

ஆனால் நான் சொல்ல வந்தது எண்களைப் பற்றி அன்று. அவர் வளையத்துக்கு எட்டு அடி தொலைவில் முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கும் காட்சியை நிதானமாக ஓட்டிப் பாருங்கள். முன்பெல்லாம் பந்து கைக்கு வந்த கணமே அவர் அதை இடுப்பு உயரத்துக்கு இறக்குவார். அங்கே சிறிய வீரர்களின் கைகள் காத்திருக்கும். இப்போது பந்து மார்புக்குக் கீழே இறங்குவதே இல்லை. வாங்கிய பின் ஒரு நொடி அசையாமல் நிற்கிறார், எதிரணியின் இரண்டாவது ஆள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்று தோளுக்கு மேலே பார்க்கிறார். ஆள் வந்தால் எதிர் மூலையில் நிற்கும் எறிவாளருக்குப் பந்து போகிறது. வராவிட்டால் இடது தோளைத் திருப்பி வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து எறியும் அந்த மென்மையான ஹூக் ஷாட். அந்த ஒரு நொடிப் பொறுமைதான் அவருடைய முன்னேற்றம் முழுவதையும் சுமந்து நிற்கிறது என்பேன். அசிஸ்டுகள் ஏறத்தாழ இரு மடங்கானதும் அதனால்தான்.

பால் ஜார்ஜ் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்விட்டார், கவாய் லெனர்ட் 37 ஆட்டங்களில்தான் களமிறங்கினார். இருந்தும் கிளிப்பர்ஸ் 50 வெற்றிகள் பெற்றதென்றால், ஜேம்ஸ் ஹார்டனுக்கு அடுத்தபடி அதற்குக் காரணமானவர்களுள் ஸூபாட்ஸ் இருக்கிறார்.

---

பெட்டிக்கணக்கு எழுதியது:

வாய்ப்பையும் திறனையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கோட்டோரம் அவர்கள் தொடங்கி வைத்ததால், அதற்கான மிக எளிய கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொருவரின் சராசரியையும் அவர் ஆடிய நிமிடங்களால் வகுத்து, 36 நிமிடங்களுக்கு எவ்வளவு வரும் என்று மாற்றினேன். நிமிடங்கள் கூடியதால் மட்டுமே வந்த உயர்வு இதில் மறைந்துவிடும்.

டேனியல்ஸ்: 36 நிமிடங்களுக்கு 9.4 புள்ளிகளிலிருந்து 15.0 புள்ளிகள். அதாவது, நிமிடங்களைச் சமன் செய்த பிறகும் கிட்டத்தட்ட 60 சதவீத உயர்வு. ஸ்டீல்கள் 2.3இலிருந்து 3.2.

டென்வர் நகெட்ஸின் கிறிஸ்டியன் பிரவுனையும் சேர்த்துப் பார்த்தேன், ஏனென்றால் அவருடைய சராசரி 7.3இலிருந்து 15.4 ஆக, அதாவது இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்ததைப் பலரும் பெரிதாகப் பேசுகிறார்கள். நிமிடங்களைச் சமன் செய்தால் அது 13.0இலிருந்து 16.4தான். கென்டேவியஸ் கால்டுவெல்-போப் ஆர்லாண்டோவுக்குச் சென்றதால் திறந்த இடத்தில் அவர் நிமிடங்கள் 20இலிருந்து 34 ஆகின. பெரும்பகுதி உயர்வு அதனால் வந்தது. ஆனாலும் எறிதல் விகிதம் 46 சதவீதத்திலிருந்து 58 சதவீதமாக ஏறியதைக் குறைத்து மதிப்பிட முடியாது.

ஸூபாட்ஸ்: 16.0இலிருந்து 18.4 புள்ளிகள், 12.5இலிருந்து 13.8 ரீபவுண்டுகள். நிமிடங்கள் 26.4இலிருந்து 32.8 ஆனது அவருடைய சராசரிகளுக்குப் பெரிதும் உதவியிருக்கிறது.

கன்னிங்ஹாம்: 24.4இலிருந்து 26.8 புள்ளிகள். பத்து சதவீத உயர்வு. மூன்று புள்ளி எறிதல் விகிதம் 35.5, இப்போது 35.6, அசையவே இல்லை. பந்தை எதிரணியிடம் இழக்கும் டர்னோவர்கள் ஆட்டத்துக்கு 3.4இலிருந்து 4.4 ஆகக் கூடியிருக்கின்றன.

இந்தக் கணக்கின்படி டேனியல்ஸை யாரும் நெருங்கவில்லை.

---

முதல்பாஸ் எழுதியது:

பெட்டிக்கணக்கு அவர்களின் உழைப்புக்கு நன்றி. ஆனால் இந்தக் கணக்கில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. தொடக்க எண் சிறியதாக இருந்தால் சதவீதம் பெரியதாகத்தான் தெரியும். மேலும், நிமிடங்கள் கூடினால் அதே வேகத்தில் புள்ளிகளும் கூடும் என்று இந்த முறை எடுத்துக்கொள்கிறது. 26 நிமிடங்கள் ஆடும் சென்டரை 33 நிமிடங்கள் ஆட வைத்தால் அவர் களைப்படைவார், ஃபவுல்கள் சேரும், எதிரணியின் சிறந்த ஐவரை எதிர்த்து அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கும். அந்தச் சுமையிலும் நிமிடத்துக்கான எண் குறையாமல் நின்றாலே அது முன்னேற்றம். ஸூபாட்ஸுக்கு அது உயர்ந்திருக்கிறது. எனக்கு வேறொருவர் பிடித்தவர் என்றாலும், இந்த வாதத்தில் உள்வட்டம் அவர்களுக்கு நியாயம் செய்யாமல் போக முடியாது.

கன்னிங்ஹாமைப் பொறுத்தவரை டர்னோவர்கள் உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் ஓர் அணியின் ஏறத்தாழ எல்லாத் தாக்குதலையும் தொடங்கி வைக்கும் ஒருவரிடம் பந்து நழுவுவது கூடத்தான் செய்யும்.

---

மரத்தரை எழுதியது:

பிஸ்டன்ஸின் 44 வெற்றிகளைப் பற்றி ஒரு சொல். அந்த அணியில் மாறியது கன்னிங்ஹாம் மட்டும் இல்லை. மாண்டி வில்லியம்ஸ் நீக்கப்பட்டு ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் பயிற்சியாளராக வந்தார். டோபையஸ் ஹாரிஸ், டிம் ஹார்டவே ஜூனியர், மாலிக் பீஸ்லி என்று எறியத் தெரிந்த அனுபவசாலிகள் வந்தார்கள். பீஸ்லி ஒருவரே இந்தப் பருவத்தில் 319 மூன்று புள்ளிகளை வளையத்தில் போட்டிருக்கிறார். சென்ற பருவத்தில் கன்னிங்ஹாம் உள்ளே நுழைந்து மூலைக்கு அனுப்பிய அதே பந்து, எறிந்தவர் தவறவிட்டதால் அசிஸ்டாகவில்லை. இந்தப் பருவத்தில் அது அசிஸ்டாகிறது. அனுப்பியவரின் கை மாறவில்லை, வாங்கியவரின் கை மாறியிருக்கிறது. அணியின் மறுமலர்ச்சிக்கு அவர் தலைவர் என்பது சரி. அந்த மறுமலர்ச்சி முழுவதையும் ஒருவரின் தனிப்பட்ட முன்னேற்றமாக எழுதுவதுதான் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

---

இடைவேளை எழுதியது:

கிளிப்பர்ஸின் நார்மன் பவல் ஏன் இறுதி மூவரில் இல்லை? 13.9இலிருந்து 21.8 புள்ளிகளுக்கு உயர்ந்திருக்கிறாரே. மயாமி ஹீட்டின் டைலர் ஹீரோவைப் பற்றியும் யாரும் பேசவில்லையே?

---

பெட்டிக்கணக்கு எழுதியது:

பவல் 60 ஆட்டங்கள்தான் ஆடினார். 2023–24 முதல் நடைமுறையில் இருக்கும் விதியின்படி இந்த விருதுக்குக் குறைந்தது 65 ஆட்டங்கள் வேண்டும். ஆகவே அவர் போட்டியிலேயே இல்லை. என் கணக்கில் பவலின் உயர்வு 36 நிமிடங்களுக்கு 19.1இலிருந்து 24.1, பிரவுனின் உயர்வுக்கு அது குறைந்ததில்லை, அதுவும் முப்பதைத் தாண்டிய வயதில். விதி விதிதான் என்றாலும் வருத்தமாகவே இருக்கிறது.

ஹீரோவின் 20.8இலிருந்து 23.9 என்ற உயர்வு எண்ணில் சிறியது, அதன் உள்ளே நடந்தது பெரியது. மூன்று புள்ளிக் கோட்டுக்குச் சற்று உள்ளே நின்று எறியும் நீண்ட தொலைவு எறிதல்களை அவர் பெருமளவு கைவிட்டு, ஒன்று கோட்டுக்கு வெளியே, இல்லையென்றால் வளையத்தை நோக்கி உள்ளே என்று தன் ஆட்டத்தைத் திருத்திக்கொண்டார். பழகிய எறிதலை விடுவது புதிய எறிதலைக் கற்பதைவிடக் கடினம் என்று நான் நம்புகிறேன். சென்ற பருவத்தில் 42 ஆட்டங்களே ஆடியவர் இப்போது 77 ஆட்டங்கள் ஆடி முதன்முறையாக ஆல்-ஸ்டார் ஆனார்.

---

பழைய_சீருடை எழுதியது:

இந்த விருதின் வரலாற்றைப் பார்த்தால், நண்பர்கள் இங்கே பேசும் குழப்பம் தொடக்கம் முதலே இருந்துவருவது தெரியும். 100 ஊடகவியலாளர்கள் வாக்களிக்கிறார்கள். முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1 என்று புள்ளிகள். ஆனால் முன்னேற்றம் என்றால் என்ன என்று யாரும் அவர்களுக்கு வரையறுத்துக் கொடுக்கவில்லை. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு வகை வீரர் வெல்கிறார்.

சி.ஜே. மெக்காலம் 2015–16இல் 6.8 புள்ளிகளிலிருந்து 20.8க்குத் தாவினார். போர்ட்லாந்து அணியின் தொடக்க ஐவரில் நால்வர் வெளியேறிய கோடை அது, வாய்ப்பு கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தது. பாஸ்கல் சியாகம் 2018–19இல் 7.3இலிருந்து 16.9. இவர்கள் ஒரு வகை. யானிஸ் ஆன்டெட்டோகூன்போ 2016–17இலும் ஜா மொரன்ட் 2021–22இலும் வென்றபோது அவர்கள் ஏற்கெனவே நன்கு அறியப்பட்டவர்கள். நட்சத்திரமாவதற்கான கடைசிப் படியை ஏறியதற்காக வாக்குப் பெற்றவர்கள். முதல்பாஸ் அவர்கள் கன்னிங்ஹாமுக்காகக் கேட்பது இந்த இரண்டாவது வகை நியாயத்தை. அதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. சென்ற ஆண்டு டைரீஸ் மேக்ஸி வென்றதும் ஏறத்தாழ அந்த வழியில்தான்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, அதை நாம் மறந்தே போனோம். இந்த விருதை முதன்முதலில் 1985–86இல் வென்றவர் சான் அன்டோனியோ ஸ்பர்ஸின் ஆல்வின் ராபர்ட்சன். அவருடைய புள்ளிகள் 9.2இலிருந்து 17.0க்கு உயர்ந்தன என்பது உண்மை. ஆனால் அந்த ஆண்டு அவரை அடையாளம் காட்டியது 301 ஸ்டீல்கள், ஆட்டத்துக்கு 3.67, இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனை. அதே பருவத்தில் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. பிறகு 1990–91இல் அவரே மீண்டும் மூன்றுக்கு மேல் சராசரி எடுத்தார். அதற்குப் பிறகு ஒரு பருவத்தில் ஆட்டத்துக்கு மூன்று ஸ்டீல் என்ற எல்லையை எட்டிய முதல் வீரர் டைசன் டேனியல்ஸ்.

முப்பத்து நான்கு ஆண்டுகள். இந்த இடைவெளியில் பந்தைப் பறிப்பதில் பெயர் பெற்ற கேரி பேட்டன், ஆலன் ஐவர்சன், கிறிஸ் பால் எல்லோரும் ஆடியிருக்கிறார்கள். தடுப்பாட்டத்தில் ஒருவர் இவ்வளவு உயர்ந்ததை முன்னேற்றமாகக் கருதாமல், புள்ளிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், விருது தொடங்கிய இடத்தையே நாம் மறந்தவர்கள் ஆவோம்.

---

உள்வட்டம் எழுதியது:

பழைய_சீருடை ஐயா எழுதியதைப் படித்த பிறகு டேனியல்ஸின் ஆட்டங்கள் சிலவற்றை மீண்டும் பார்த்தேன். என் கருத்து மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. பெலிகன்ஸில் இருந்தபோதே அவர் நல்ல தடுப்பாட்டக்காரர் என்று பெயர் எடுத்தவர்தானே? அந்தத் திறன் முன்பே இருந்தது என்றால், இப்போது கூடியது நிமிடங்கள்தானே?

---

கோட்டோரம் எழுதியது:

நியாயமான கேள்வி, உள்வட்டம். இதற்குப் பதில் எண்களில் பாதிதான் இருக்கிறது; மீதியை ஆட்டத்தில்தான் பார்க்க வேண்டும்.

நான் பள்ளி அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவன். தடுப்பாட்டம் கற்பிக்கும்போது பிள்ளைகளிடம் மிக அதிகமாக நான் திருத்திய தவறு, பந்தின் மேல் கையை மேலிருந்து கீழாக அடிப்பது. பந்துக்கு ஆசைப்பட்டுக் கை இறங்கும், மணிக்கட்டில் படும், நடுவர் ஊதுவார். சரியான முறை, உள்ளங்கை மேல் நோக்கியிருக்க, கீழிருந்து பந்தைத் தட்டுவது. சொல்வதற்கு எளிது. ஆனால் ஆள் வேகமாகத் தாண்டிச் செல்லும்போது, உடல் சாய்ந்திருக்கும்போது, கையை அப்படிப் பிடிப்பதற்குப் பல மாத உழைப்பு வேண்டும். பிள்ளைகளில் மிகச் சிலருக்குத்தான் அது படிந்தது.

டேனியல்ஸ் ஸ்கிரீனைத் தாண்டி வரும் காட்சியைப் பாருங்கள். ஸ்கிரீன் வைப்பவரின் இடுப்பை ஒட்டி, தன் தோளைக் குறுக்கி, பக்கவாட்டில் நழுவி வருகிறார். அந்தக் கணத்தில் அவர் பந்து வைத்திருப்பவரின் பின்னால் இருக்கிறார், அதாவது தோற்ற நிலையில் இருக்கிறார். பந்து வைத்திருப்பவர் முன்னால் நிற்கும் சென்டரைக் கவனிக்கிறார். அப்போது பின்பக்கமிருந்து, கீழிருந்து மேலாக, அந்த நீண்ட கை ஒரே தட்டு. பந்து முன்னால் உருள்கிறது, ஹாக்ஸ் ஓடத் தொடங்கிவிடுகிறது. இப்படித் தோற்ற நிலையிலிருந்து மீட்டெடுப்பதைப் பெலிகன்ஸில் இவ்வளவு அடிக்கடி அவர் செய்து நான் பார்த்ததில்லை. அங்கே அவர் ஆளின் முன்னால் நிற்கத் தெரிந்தவர். இங்கே, தாண்டப்பட்ட பிறகும் ஆட்டத்தை முடிக்காதவர். ஸ்டீல்கள் மட்டுமல்ல, எதிரணியின் பந்தைத் தொட்டுத் திசைமாற்றுவதிலும் லீகிலேயே முதலிடம் அவருக்குத்தான்.

இன்னொன்று: இதையெல்லாம் அவர் டிரே யங்குக்குப் பக்கத்தில் நின்று செய்கிறார். தாக்குதலில் யங் ஒப்பற்றவர், தடுப்பாட்டத்தில் அவரை எதிரணிகள் குறிவைக்கும். எனவே ஒவ்வோர் இரவும் எதிரணியின் மிகச் சிறந்த கார்டை (பந்தை முன்னெடுத்துச் செல்லும் வீரரை) டேனியல்ஸ் பிடிக்க வேண்டும், பிறகு தாக்குதலிலும் 14 புள்ளிகள் எடுக்க வேண்டும். அந்தப் புள்ளிகளும் சும்மா வரவில்லை. வளையம் வரை செல்லாமல் நடுவில் நின்று ஒரு கையால் மென்மையாக மேலே தள்ளிவிடும் ஃப்ளோட்டரை அவர் தன் முக்கிய ஆயுதமாக்கிக்கொண்டார். மொத்த எறிதல் விகிதம் 44.7 சதவீதத்திலிருந்து 49.3 சதவீதமாக உயர்ந்தது. எறிதல்களின் எண்ணிக்கை கூடும்போது விகிதம் குறைவதுதான் வழக்கம். இங்கே இரண்டும் சேர்ந்து ஏறியிருக்கின்றன.

---

மரத்தரை எழுதியது:

எவான் மோப்லியின் பெயரையும் பதிவு செய்ய விரும்புகிறேன். கிளீவ்லாந்து 64 வெற்றிகள் பெற்ற பருவம் இது. மோப்லியின் சராசரி 15.7இலிருந்து 18.5ஆகத்தான் உயர்ந்தது. ஆனால் மூன்று புள்ளி எறிதல்களைப் பாருங்கள்: ஆட்டத்துக்கு 1.2 முயற்சிகளிலிருந்து 3.2 முயற்சிகள், விகிதமோ அதே 37 சதவீதத்தில் நிற்கிறது. பெரிய உடம்புக்காரர் ஒருவர் வெளியே வந்து எறிவார் என்ற அச்சம் வந்துவிட்டால், எதிரணியின் சென்டர் வளையத்தடியை விட்டு வெளியே வர வேண்டும். அந்த இடைவெளியில் டோனவன் மிட்செலும் டேரியஸ் கார்லண்டும் நுழைவார்கள். இந்த வகை முன்னேற்றம் அவருடைய சொந்தக் கணக்கில் எழுதப்படாமல் மற்றவர்களின் கணக்கில் எழுதப்படுகிறது.

---

முதல்பாஸ் எழுதியது:

நியூயார்க்கில் நடந்த இரண்டாவது பிளேஆஃப் (வழக்கமான பருவத்துக்குப் பிந்தைய சுற்று) ஆட்டத்தைப் பார்த்தீர்களா? பிஸ்டன்ஸ் 100–94 என்று வென்றது. பிளேஆஃப்களில் தொடர்ந்து 15 ஆட்டங்கள் தோற்ற அந்த அணியின் வரிசை அங்கே முடிந்தது. கன்னிங்ஹாம் 33 புள்ளிகள், 12 ரீபவுண்டுகள். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், பந்து கையில் இருக்க, இரண்டு பேர் நெருக்க, அவர் அவசரப்படவே இல்லை. வாக்குகள் வழக்கமான பருவத்தோடு முடிந்துவிட்டன, இது கணக்கில் வராது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டு பருவங்களுக்கு முன் முன்னங்கால் அறுவைச் சிகிச்சையால் 12 ஆட்டங்களோடு வெளியேறிய அதே இளைஞரை அங்கே பார்த்தபோது, இதைவிடப் பெரிய முன்னேற்றம் வேறு என்ன இருக்க முடியும் என்று தோன்றியது.

---

பெட்டிக்கணக்கு எழுதியது:

அந்த ஆட்டத்தை நானும் பார்த்தேன். அவர் சிறந்த வீரர் என்பதற்கு அது சான்று. நாம் இங்கே தேடுவது வேறு: சென்ற ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் இடையே உள்ள தூரம். 2021இல் முதலாவதாகத் தேர்வான ஒருவர் இந்த உயரத்துக்கு வருவார் என்று எல்லோரும் முதல் நாளிலேயே எதிர்பார்த்தார்கள். காயம் அதைத் தாமதப்படுத்தியது. காயத்திலிருந்து மீண்டு எதிர்பார்த்த இடத்துக்கு வருவது மதிப்புக்குரியது, மனதைத் தொடுவது. எதிர்பார்ப்பே இல்லாத இடத்திலிருந்து வருவதை நான் அதற்கும் மேலே வைப்பேன்.

---

கோட்டோரம் எழுதியது:

இந்த இழையைத் தொடங்கும்போது என் வரிசை டேனியல்ஸ், கன்னிங்ஹாம், ஸூபாட்ஸ் என்று இருந்தது. உள்வட்டம் சொன்ன அந்த ஒரு நொடிப் பொறுமையை மனதில் வைத்து கிளிப்பர்ஸின் மூன்று ஆட்டங்களைத் திரும்பப் பார்த்தேன். அவர் சொன்னது முற்றிலும் சரி; பந்து மார்புக்குக் கீழே இறங்குவதில்லை. ஒன்பதாவது பருவத்தில் ஒரு சென்டர் தன் கைப்பழக்கத்தை மாற்றிக்கொள்வது எவ்வளவு அரிது என்பது பயிற்சி கொடுத்தவனுக்குத் தெரியும். ஆகவே இப்போது என் வரிசையில் ஸூபாட்ஸ் இரண்டாமிடத்துக்கு ஏறிவிட்டார். முதல்பாஸ் என்னை மன்னிக்க வேண்டும்.

டேனியல்ஸ் முதலிடத்திலேயே இருக்கிறார். ஆனால் அவரிடம் எனக்குக் குறையே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஃப்ரீ த்ரோ விகிதம் 60 சதவீதத்தைக்கூட எட்டவில்லை, சென்ற பருவத்தைவிடக் குறைந்திருக்கிறது. பந்தை நாள் முழுவதும் பிறர் கையிலிருந்து பறிப்பவர், யாரும் தடுக்காத பதினைந்து அடியில் தடுமாறுகிறார். கோட்டில் நிற்கும்போது அவருடைய முழங்கை சற்று வெளியே விலகி, பந்து வலப்பக்கம் சாய்ந்து போவதாக எனக்குப் படுகிறது.

---

முதல்பாஸ் எழுதியது:

மன்னிப்பெல்லாம் எதற்கு, கோட்டோரம். என் வரிசையில் கன்னிங்ஹாம் முதலிடத்திலிருந்து அசையப்போவதில்லை, ஆனால் டேனியல்ஸ் மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்துவிட்டார். அந்த முழங்கையைப் பற்றி நீங்கள் சொன்ன பிறகு நானும் நான்கு ஃப்ரீ த்ரோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். விலகுவது முழங்கை இல்லை, பந்தை விடுவதற்கு முன்பே இடது கைக் கட்டைவிரல் பந்தைத் தள்ளுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் முன்பக்கக் கோணத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.